மூக்கில் சதை வளர்ச்சி: நகையை அடகு வைப்பதா, பாலிசிக்காகக் காத்திருப்பதா?

கேள்வி: எனக்கு வயது 39. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக மூக்கடைப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். சில வாரங்கள் அடித்துவிட்டு நிறுத்திவிட்டேன். இப்போது வாசனையே தெரிவதில்லை. ஸ்கேனில் மூக்குத் தண்டு வளைந்திருப்பதும், இரு பக்கமும் சதை வளர்ந்திருப்பதும் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு 1,30,000 ரூபாய் கேட்கிறார்கள். 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு எடுத்து 15 மாதங்கள் ஆகின்றன. சைனஸ், மூக்குத் தண்டு சிகிச்சைகளுக்கு 24 மாதக் காத்திருப்பு, அதுவரை பணம் கிடைக்காது என்று அதில் இருக்கிறது. வங்கியில் 80,000 ரூபாய் வைப்பு உள்ளது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் மனைவி, தன் நகையை அடகு வைத்து இப்போதே செய்துகொள்ளச் சொல்கிறார். ஒன்பது மாதம் காத்திருக்கலாமா?

பதில்: ஒன்பது மாதம் என்ற உங்கள் கணக்கே சரியாக இல்லை. பாலிசி எடுப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே ஒரு மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கியிருக்கிறீர்கள். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய், காப்பீட்டு விதிப்படி 'முன்பே இருந்த நோய்'. அதற்கான காத்திருப்பு மூன்று ஆண்டுகள் வரை போகலாம். ஒரே நோய்க்கு இரண்டு காத்திருப்புகள் பொருந்தினால், நீளமானதுதான் கணக்கில் வரும். உங்கள் பாலிசியில் அது 36 மாதமாக இருந்தால், உங்களுக்கு மீதி 21 மாதம்.

விண்ணப்பத்தில் அந்த மூக்கடைப்பைக் குறிப்பிட்டீர்களா? நீங்கள் எழுதவில்லை. குறிப்பிடவில்லை என்றால் இப்போதே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பிரீமியம் கூடலாம், காத்திருப்பு நீளலாம். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மறைத்தது கிளெய்ம் நேரத்தில் வெளிப்பட்டால் பாலிசியே ரத்தாகலாம். நாளைக்கு நெஞ்சுவலி என்று படுத்தாலும் அந்த 5 லட்சம் கையில் இருக்காது. 'ஆறு மாதமாகத்தான் தொந்தரவு என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள்' என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மூக்கில் இருப்பவை இரண்டு தொந்தரவுகள். இரண்டின் பலனும் ஒன்றல்ல, செலவும் ஒன்றல்ல. மூக்குத் தண்டு வளைவு பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. பிரிட்டனில் 378 பேரை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் அறுவை செய்துகொண்டவர்களின் தொந்தரவு மதிப்பெண் சராசரியாக 19.9. ஸ்பிரே மட்டும் பயன்படுத்தியவர்களுக்கு 39.5. மதிப்பெண் குறையக் குறைய நிம்மதி.

சதை வளர்ச்சி அப்படியில்லை. அது அழற்சியால் வருவது. சதையை வெட்டி எடுக்கலாம், அழற்சியை வெட்ட முடியாது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அறுவைக்குப் பின் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 38 பேரில் 30 பேருக்கு மீண்டும் வளர்ந்தது. 14 பேர் மறுபடி அறுவை செய்துகொண்டார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, நடுவில் நன்றாக மூச்சுவிட்ட ஆண்டுகளும் உண்டு. ஆனால் 1,30,000 கட்டியதோடு கணக்கு முடிந்துவிடாது. அறுவைக்குப் பிறகும் ஸ்டீராய்டு ஸ்பிரே, உப்பு நீரால் கழுவுதல், அவ்வப்போது மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் என்டாஸ்கோப்பி என்று தொடரும். டிஸ்சார்ஜுக்குப் பின் 60 அல்லது 90 நாள் செலவைப் பாலிசி ஏற்கலாம். அதன் பிறகு பெரும்பாலும் உங்கள் கைக்காசுதான்.

அதனால் வைப்பையும் நகையையும் ஒரே மூச்சில் காலி செய்வதை நான் ஏற்கமாட்டேன். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலே, 1,30,000 ரூபாய்க்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் போகும். அசல் அப்படியே நிற்கும்.

முதலில் உங்கள் மனைவி அலுவலகத்தில் கேட்கட்டும். நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் கணவனையும் சேர்த்துக்கொள்வது சகஜம். பல குழுப் பாலிசிகளில் முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. அது கிடைத்தால் அடகுக் கடைப் பேச்சே வேண்டாம். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால், புதுப்பிக்கும்போது சேர்க்க முடியுமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

அது இல்லையென்றால் மருத்துவரிடம் ஒரே கேள்வி: இது காத்திருக்கக் கூடியதா? இரு பக்கமும் உள்ள சதைக்கு ஸ்பிரேயும் கழுவுதலும்தான் முதல் சிகிச்சை. அதை நீங்கள் ஒழுங்காகச் செய்யவே இல்லை. மூன்று மாதம் விடாமல் செய்து பாருங்கள், காத்திருப்பும் வீணாகாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, மூக்கில் ரத்தம், கண் வீக்கம், பார்வை மாற்றம் என்று எது வந்தாலும் பாலிசிக்காக ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அப்போது நகைதான் வழி, தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இந்த அறுவை நடக்கிறது. வரிசை நீளம், பணம் மிச்சம்.

மருத்துவமனையில் மூக்குத் தண்டுக்கு எவ்வளவு, சதையை எடுக்கும் சைனஸ் அறுவைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். மூக்கின் வெளித்தோற்றத்தையும் 'சேர்த்தே' திருத்தித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழகு சிகிச்சைக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. அதைக் காட்டியே மற்ற பில்லிலும் கேள்வி எழும்.