பழைய ஸ்பீக்கர், புதிய ஹோம் தியேட்டர்: வாசகர் கேள்வி பதில்

பரணில் இருக்கும் பழைய ஸ்பீக்கர்களை இன்றைய ஏ.வி. ரிசீவருடன் (படத்தின் ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) சேர்க்கலாமா என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. எல்லாப் பதில்களுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பெட்டிகள் இசைக்காகச் செய்யப்பட்டவை. குண்டு வெடிக்கும் சத்தத்தை இவற்றின் தலையில் கட்டாமல் சப்-வூஃபரிடம் (பாஸ் ஒலிக்கான தனிப்பெட்டி) கொடுத்துவிடுங்கள். அப்புறம் பாருங்கள், குரலிலும் வயலினிலும் நாகஸ்வரத்திலும் கடையில் புதிதாகக் கிடைக்கும் பல பெட்டிகள் இவற்றுக்குப் பக்கத்தில் வர முடியாது.

அமெரிக்காவில் இருந்த மாமா கொண்டுவந்த ஏ.ஆர்-3ஏ ஜோடி வீட்டில் இருக்கிறது. 4 ஓம் பெட்டி. என் ரிசீவரின் பின்னால் '6–16 ஓம்' என்று அச்சிட்டிருக்கிறது. இணைத்தால் ரிசீவர் எரிந்துவிடுமா? – வாசகர், நாகர்கோவில்

கவனமாக இணைத்தால் எரியாது. ஓம் குறையக் குறைய பெட்டி ரிசீவரிடமிருந்து இழுக்கும் கரண்ட் கூடும், கவனம் அதற்குத்தான். மாமா கொண்டுவந்தது சாதாரணப் பெட்டி இல்லை. ஏ.ஆர். (அக்கௌஸ்டிக் ரிசர்ச்) கம்பெனியின் எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏ.ஆர்-1 மூலம் கொண்டுவந்த மூடிய பெட்டி முறையில் வளர்ந்து வந்தது 1967-இன் ஏ.ஆர்-3ஏ. காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் 12 அங்குல வூஃபருக்கு (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) ஸ்பிரிங். அதனால் சின்னப் பெட்டியிலேயே ஆழமான பாஸ் வரும். பதிலுக்கு அது ஆம்ப்ளிஃபயரிடம் வாட்டை நிறையக் கேட்கும்.

எவ்வளவு கேட்கும் என்று கணக்குப் போடுவோம். 4 ஓம் பெட்டிக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் 2 வாட். அதில் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் சாதாரண அறையில் ஏறக்குறைய 6 டெசிபெல் குறைந்து 80 கிடைக்கும். படத்தில் ஓர் அடி விழும் இடத்தில் 95 வேண்டுமென்றால் இன்னும் 15 டெசிபெல் தேவை. அது 32 மடங்கு, அதாவது 64 வாட். தியேட்டர் அளவுகோலின் உச்சமான 105-ஐக் கேட்டால் 640 வாட்! வீட்டு ரிசீவரில் அதற்கு வழியே இல்லை. ஆகவே வால்யூம் அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 என்ற இடத்திலேயே நிறுத்திப் படம் பாருங்கள்.

அடுத்தது ஸ்பீக்கர் மெனு. முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று மாற்றி க்ராஸ்ஓவரை (ஒலியைப் பிரிக்கும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 12 அங்குல வூஃபரை 'ஸ்மால்' என்று போட மனசு வராதுதான். மைக் வைத்து அளக்கும்போது ரிசீவரும் 'லார்ஜ்' என்றே எழுதிக்கொள்ளும். அளந்து முடித்ததும் கையால் மாற்றிவிடுங்கள். 80-க்குக் கீழே உள்ள ஒலி சப்-வூஃபருக்குப் போய்விட்டால் ரிசீவரிடமிருந்து கரண்ட் இழுக்கும் பெரிய சுமை குறையும். பழைய வூஃபரின் வாய்ஸ் காயிலும் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) பிழைத்துக்கொள்ளும்.

மெனுவில் 'இம்பீடன்ஸ்' என்று ஒரு தேர்வு இருக்கலாம். பல மாடல்களில் அது உள்ளே போகும் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் சத்தம் கூட்டும்போது கிளிப்பிங் (ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுவது) முன்னதாகவே வந்துவிடும். பழைய ட்வீட்டர்கள் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்கள்) எரிவது பெரும்பாலும் இந்தக் கிளிப்பிங்கால்தான். 4 ஓமுக்கு அந்த அமைப்பை வைக்கச் சொல்லிக் கையேடு சொன்னால் அப்படியே வைத்து, வால்யூமில் அடக்கமாக இருங்கள். கையேட்டில் 4 ஓம் என்ற பேச்சே இல்லையென்றால் ப்ரீ-அவுட் (வேறு ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொடுக்கும் துளை) வழியாகத் தனி பவர் ஆம்ப் போடுவதுதான் சரி. ரிசீவருக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். படம் நடுவில் 'டக்' என்று ரிலே விழுந்து ஒலி நின்றால், முதலில் வயர் முனையில் ஒரு பிசிறு பக்கத்து முனையைத் தொடுகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் சுமை தாங்கவில்லை என்று அர்த்தம்.

வயருக்கு ஹார்ட்வேர் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும்.

பெட்டியின் பின்னால் இரண்டு குமிழ் இருக்கும், ஒன்று நடு ஒலிக்கு, மற்றது ட்வீட்டருக்கு. இந்த மாடலில் முதலில் கெடுவது அவைதான். உள்ளே பச்சை பூத்து, ட்வீட்டர் செத்துவிட்டது போலவே இருக்கும். ட்வீட்டரைக் குறை சொல்லும் முன் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நன்றாகப் பலமுறை திருப்புங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் கழற்றி, தொடும் இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். தேறாவிட்டால் 8 ஓம் எல்-பேட் (ஒலி அளவைக் குறைக்கும் குமிழ்) மாட்டிக்கொள்கிறார்கள்.

வூஃபரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் வளையம் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்கிறது. பசை தடவி ஒட்டலாமா? – வாசகி, பெசன்ட் நகர், சென்னை

கூடாது. அது பாலியூரிதேன் ஃபோம். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. கடற்கரைப் பக்கம் இன்னும் சீக்கிரம். மேலே பசை தடவினால் கோன் (வூஃபரின் கூம்பு) அசையாது. உடனே பிடிக்கும் வகைப் பசை என்றால் விறைத்துப் போய் மறுபடி கிழியும். அப்படியே ஓட்டவும் கூடாது. கோன் ஒரு பக்கம் சரிந்து, வாய்ஸ் காயில் காந்த இடுக்கில் உரசி எரிந்துவிடும்.

வளையத்தை மாற்றத்தான் வேண்டும். வூஃபர் மாடலுக்கே உரிய வளையம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அளவெடுங்கள்: கோனின் வெளி விட்டம், சட்டத்தில் ஒட்டும் இடத்தின் உள், வெளி விட்டங்கள், நடுவில் புடைத்திருக்கும் பகுதியின் அகலம். இந்தக் கடைசி அளவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய வளையம் கோனுக்கு மேலே ஒட்டியிருந்ததா அடியிலா என்பதையும் கழற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். காகிதக் கோனை நனைய விடாதீர்கள். காகிதக் கோனுக்குத் தச்சர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையே நல்லது. மெதுவாகக் காய்வதால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பிளாஸ்டிக் கோனில் அது பிடிக்காது, அதற்கென்று வரும் ரப்பர் பசை வேண்டும். முதலில் கோன் பக்கம் மட்டும் ஒட்டி ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் சட்டத்தின் பக்கம். பசை ஈரமாக இருக்கும்போதே வூஃபருக்கு 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த வால்யூமில் கொடுத்து, கோனை விரல் நுனிகளால் நாலாபுறமும் நகர்த்துங்கள். 'சர்க் சர்க்' என்று உரசும் சத்தம் எந்த இடத்தில் முற்றிலும் நிற்கிறதோ அதுதான் நடு. அங்கேயே பிடித்து, துணி கிளிப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். காய்ந்த பிறகு உரசினால் மறுபடி பிரிப்பதைத் தவிர வழியில்லை. இந்த இடத்தில் அவசரமே படாதீர்கள்.

உங்கள் வளையம் துணியிலோ ரப்பரிலோ இருந்து, கிழியாமல் வளைந்து கொடுத்தால், அதைத் தொடவே வேண்டாம்.

ஒலி மந்தமாக இருக்கிறது. கண்டென்சர் மாற்றச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? – வாசகர், கோயம்புத்தூர்

பெட்டிக்குள் ஒலியைப் பிரிக்கும் க்ராஸ்ஓவரில் இருக்கும், 30 வருடம் தாண்டிய நான்-போலார் (பிளஸ், மைனஸ் பாகுபாடு இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மாற்றுவதில் தவறில்லை. உள்ளே காய்ந்து, மதிப்பு விலகி, உள்தடை கூடியிருக்கும். மேலே எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட், 100 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லது' என்று மதிப்பை மாற்றிவிடாதீர்கள். க்ராஸ்ஓவர் புள்ளியே நகர்ந்து, ட்வீட்டருக்குத் தாங்காத ஒலி போய்ச் சேரும்.

10 மைக்ரோஃபாரட்டுக்கு உட்பட்டதற்கு பாலிபுரொப்பிலீன் பிலிம் வகை வாங்குங்கள். ஏ.ஆர்-3ஏ-யில் இருக்கும் 50, 150 போன்ற பெரிய மதிப்புகளுக்கு அதே வகை நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக் போதும். சரியான மதிப்பு கிடைக்கவில்லையா? பிளஸ், மைனஸ் உள்ள சாதாரண 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராக ஈயம் வைத்தால் ஒரு 5 மைக்ரோஃபாரட் நான்-போலார் கிடைக்கும், தற்காலிகத்துக்கு. பிலிம் கண்டென்சர் போட்டபின் ட்வீட்டர் கூசுகிறது என்றால், பழையதிலிருந்த உள்தடை போய்விட்டதுதான் காரணம். அதோடு தொடராக 0.5 முதல் 1 ஓம் வரை, 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் குரல் நடுவில் நிற்காது.

இருப்பது ஒரு ஜோடி. சென்டர் ஸ்பீக்கருக்கு என்ன செய்வது? – வாசகர், மதுரை

சென்டரே இல்லாமல் தொடங்குங்கள். மெனுவில் சென்டரை 'நன்' என்று வைத்தால், ரிசீவர் வசனத்தை 3 டெசிபெல் குறைத்து இடது, வலது இரண்டிலும் பிரித்துக் கொடுக்கும். நடுவில் உட்கார்ந்து பார்க்கும் இருவருக்கு இது அருமையாக இருக்கும். வேறு கம்பெனியின் சின்னச் சென்டரை நடுவில் வைத்தால், கார் இடமிருந்து வலம் போகும்போது அதன் சத்தம் பாதியில் வேறு காராக மாறிவிடும். அதைவிட இதுவே மேல் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம்.

ஓரத்தில் உட்காருபவர்கள் இருந்தால் சென்டர் தேவைதான். அதே மாடலில் ஒற்றைப் பெட்டி எங்காவது விற்பனைக்கு வருகிறதா என்று தேடுங்கள். ஜோடி உடைந்த ஒற்றைக்கு விலை குறைவாகவே கேட்பார்கள். அதை டி.வி.க்கு அடியில் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் வூஃபரும் ட்வீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, நகர்ந்து உட்காருபவருக்கு நடு ஒலியில் பள்ளம் விழும். பழைய காந்தம் திரையைக் கெடுக்குமே என்ற பயம் குழாய் டி.வி.யோடு போயிற்று. எல்.இ.டி. திரைக்கு ஒன்றும் ஆகாது.

ஜே.பி.எல். எல்-100 வைத்திருக்கிறேன். ஆட்டோ கேலிப்ரேஷன் (ரிசீவரே மைக் வைத்து அளந்து சரிசெய்வது) ஒவ்வொரு முறையும் 'ஃபேஸ் தவறு' என்கிறது. வயர் சரியாகத்தான் இருக்கிறது. – வாசகர், கொழும்பு

வயர் சரி, ரிசீவர் சொல்வதும் சரி. அந்தக் கால ஜே.பி.எல். பெட்டிகளில் துருவம் இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. சிவப்பில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரே ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். எல்-100-இல் வூஃபர் ஃபில்டர் எதுவும் இல்லாமல் நேரே முனையோடு இணைந்திருப்பதால் அசைவு தெளிவாகத் தெரியும். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் அசையும் வரை பாட்டுக் கேட்க மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. புதிய சென்டரும் சப்-வூஃபரும் சேரும்போதுதான் ஒன்று தள்ள மற்றது இழுத்து, பாஸ் காணாமல் போகும். ரிசீவர் முனையில் இரண்டு பெட்டிக்கும் சிவப்பு, கறுப்பை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அதன் பிறகும் எச்சரிக்கை வரலாம். 3 வழிப் பெட்டிகள் சிலவற்றில் நடு ஸ்பீக்கரை வேண்டுமென்றே தலைகீழாக இணைத்திருப்பார்கள், மைக் அதைப் பார்த்துக் குழம்பும். வயரை ரிசீவரிலிருந்து கழற்றி, ரிசீவரின் சிவப்புக்குப் போகும் முனையில் பேட்டரியின் பிளஸைத் தொட்டால் வூஃபர் வெளியே வருகிறது என்றால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம்.

பழைய பிலிப்ஸ் பெட்டியில் ஒரு தட்டை முள்ளும் ஒரு உருண்டை முள்ளும் உள்ள பிளக் இருக்கிறது. எது பிளஸ்? – வாசகர், திருச்சி

உருண்டை முள்தான் பிளஸ். பிளக்கை வெட்டும் முன் வயரில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

15 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ரிசீவருக்கு ஆகாதா? – வாசகர், தஞ்சாவூர்

தாராளமாக ஆகும். ரிசீவருக்கு அது சுகமான சுமை. கிடைக்கும் வாட் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். மற்ற ஸ்பீக்கர்களோடு உள்ள அளவு வித்தியாசத்தைக் கேலிப்ரேஷனே சரிக்கட்டும். 1970-களின் பி.பி.சி. எல்.எஸ்.3/5ஏ பெட்டியும் 15 ஓம்தான். ஆனால் அது சின்ன மானிட்டர், அதிக வாட் தாங்காது. அதை 80-க்குக் கீழே ஒருபோதும் ஓட்டாதீர்கள், 100 ஹெர்ட்ஸ் இன்னும் பாதுகாப்பு.

பாட்டுக்குப் பழைய ஸ்டீரியோ ஆம்ப், படத்துக்கு ரிசீவர், இரண்டுக்கும் இதே ஸ்பீக்கர். எப்படி இணைப்பது? – வாசகர், புதுச்சேரி

ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ஆம்ப் வயரையும் சேர்த்து முறுக்கிவிடாதீர்கள். ஒன்றின் அவுட்புட் மற்றதற்குள் போய் இரண்டும் எரியும். ரிசீவரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து ஆம்பின் இன்புட்டுக்கு வயர் இழுப்பதும் வேண்டாம்.

ரிசீவரின் முன் இடது, வலது ப்ரீ-அவுட்டிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிளை ஆம்பின் 'மெயின் இன்' அல்லது 'பவர் இன்' துளைக்குக் கொடுங்கள். அங்கே வால்யூம் குமிழ் குறுக்கே வராது. அது இல்லாத ஆம்பில் 'ஆக்ஸ்' துளைக்குக் கொடுத்து, குமிழை மணி 12 நிலையில் நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில், 'லவுட்னெஸ்' அணைத்து. அந்த நிலையிலேயே கேலிப்ரேஷன் செய்யுங்கள். படம் பார்க்கும் முன் குமிழ் ஸ்டிக்கருக்கு நேரே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். 'ஆக்ஸ்' வழியில் இணைத்திருந்தால், பாட்டுக்கு ரிசீவரை அணைத்துவிட்டு, சி.டி. பிளேயரை ஆம்பின் வேறு துளையில் கேளுங்கள். 'மெயின் இன்' வழியென்றால், ஆம்பின் ப்ரீ பகுதியை மறுபடி பவர் பகுதியோடு இணைத்த பிறகே அது பாடும்.

இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால், கேபிள் டி.வி. வயரைச் செட்-டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் குற்றவாளி அதுதான். அந்த வயரில் ஒரு கிரவுண்ட் ஐசொலேட்டர் போடுங்கள். நிற்காவிட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஹம் நிற்கும், ஆனால் ஒருநாள் ஆம்பின் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும்.