வைல்ட்கேட் தோட்டாவின் கூட்டைச் சுட்டே வடிவமைப்பது ஏன்?

வைல்ட்கேட் என்பது ஆலைகள் வழக்கமாகத் தயாரிக்காத தோட்டா அளவு. அதற்கேற்ற பித்தளைக் கூடு பெரும்பாலும் கடையில் கிடைக்காது. 'சுட்டு வடிவமைத்தல்' அதனால்தான் தேவைப்படுகிறது. நெருங்கிய அளவுள்ள கூட்டைப் புது அறையில் (துப்பாக்கிக் குழலில் தோட்டா அமரும் இடத்தில்) வைத்துச் சுடும்போது, வாயு அழுத்தத்தில் பித்தளை விரிந்து அறையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். ஆக்லி இம்ப்ரூவ்ட் என்ற பெயருள்ள தோட்டா வகைகளில் தோள், அதாவது குண்டைப் பிடிக்கும் கழுத்தை நோக்கிக் கூடு குறுகும் சரிவு, 40 டிகிரிக்கு நிமிர்வது இப்படித்தான்.

சரி, எங்கே கவனம் வேண்டும்? முதல் சுடுதலில் கூடு முன்னும் பின்னும் ஆடவே கூடாது. ஆடினால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் நீண்டு மெலியும். பிறகொரு நாள் அங்கேயே பிளந்து வாயு சுடுபவர் பக்கம் பாயலாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கழுத்தை முதலில் அகலப்படுத்தி, பின் ஓரளவு மட்டும் சுருக்கிப் பொய்த்தோள் ஒன்று உண்டாக்கினால், அது அறையில் முட்டுவதால் கூடு அசையாமல் நிற்கும்.

அப்புறம், இறுகிப்போன கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தலாம். அடிப்பகுதிக்கு மட்டும் அந்தச் சூடு போகக்கூடாது.