கணவாயைத் தாண்டாத பறவைகள் (கடிதம்)

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிய உங்கள் கட்டுரையில், செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் ஒரே மூதாதையிலிருந்து வந்த பறவைகள் வெவ்வேறு இனங்களாகப் பிரிந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் புளியரைக்காரன், கணவாயின் வாசலிலேயே பிறந்து வளர்ந்தவன். சிறகுள்ள ஒரு பறவைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் எப்படித் தடையாகும்? வலியது வாழும் என்றுதானே படித்தோம், மலையும் மழையும் ஓர் இனத்தையே உண்டாக்குமா? உண்டாக்கும் என்றால், இப்போது கூடிவரும் வெப்பத்துக்கும் அவை தாமே மாறிக்கொள்ளும் என்று நம்பலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், புளியரை

அன்புள்ள தம்பிக்கு,

வலியது வாழும் என்பது பாதிக் கதைதான். ஓர் இனத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதியோடு கலக்க முடியாமல் நெடுங்காலம் பிரிந்திருப்பது மறுபாதி. புதிய இனங்கள் தோன்றுவதில் இதற்கே பெரிய பங்கு என்று நான் நினைக்கிறேன். அந்தப் பிரிவை உண்டாக்குபவை பெரும்பாலும் நிலமும் காலநிலையும்தான்.

நான் குறிப்பிட்ட பறவைகளில் ஒன்று, சோலைக்கிளி என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் சிறு நீலப் பறவை. அது கிளியினம் அன்று. உயர்ந்த மலைகளின் குளிர்ந்த சோலைக்குள், நிழல் விழுந்த ஈரத் தரையை ஒட்டிப் புழுபூச்சி தேடி வாழ்வது. உங்கள் கணவாயோ சில நூறு மீட்டர் உயரமே உள்ளது. ஆகவே அந்தப் பறவைக்குத் தடையாக இருப்பது தூரம் அன்று. தனக்கு ஒவ்வாத வெப்பமும் சோலையில்லாத தாழ்நிலமுமே அதை நிறுத்துகின்றன. வானில் உயரப் பறந்து ஊர் கடக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழும் சோலைக்கிளியைத் தனி இனம் என்று 2017இல் அறிவித்தார்கள். சிலப்பன் என்ற பறவையிலும் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஓர் இனமும் அந்தப் பக்கம் வேறோர் இனமும் உண்டு. இன்னும் அகலமான பாலக்காட்டுக் கணவாய் இதைவிடக் கூடுதலான பறவைகளைப் பிரித்து வைத்திருக்கிறது.

கணவாய் என்றும் இருப்பதுதான், ஆனால் காலநிலை நிலையாக இருந்ததில்லை. நீலகிரியின் சதுப்புகளில் செடிகள் மக்கிப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியான முடிவுகளின்படி, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது நம் மலைகள் வறண்டு, புல்வெளி மிகுந்திருந்தது. பின்னர் மழை கூடியபோது மரங்கள் திரும்பின. இப்படிச் சோலை சுருங்குவதும் விரிவதும் பல இலட்சம் ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடந்தன. சுருங்கிய ஒவ்வொரு முறையும் சோலையை நம்பிய உயிர்கள் தனித்தனிக் கூட்டங்களாக ஒதுங்கின.

கணவாயே இல்லாத இடத்திலும் இது நடக்கும் என்பதற்குப் பன்றிமூக்குத் தவளையைச் சொல்வேன். ஊதிய உருண்டை உடல், ஊதா நிறம், மிகச் சிறிய கண்கள், கூரிய வெளிறிய மூக்கு. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வரும். இதன் நெருங்கிய உறவுகள் இன்று இருப்பது இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில். இந்திய நிலம் மடகாஸ்கரிடமிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், செஷல்ஸிடமிருந்து ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் பிரிந்து வடக்கே நகர்ந்தபோது அதன்மேல் வந்து சேர்ந்த பழங்குலம் இது. இடுக்கியிலிருந்து 2003இல் விவரிக்கப்பட்ட இனம் தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய கீழைச் சரிவிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்ட இனமோ ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் மேலே வருகிறது. நம் தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரு நெற்பருவங்களும் இரு மழைகளைப் பார்த்துப் பிரிந்திருப்பதுபோல இந்தத் தவளைகளும் பிரிந்திருக்கின்றன. மழைக்காலம் வேறானதால் இரண்டும் சந்திப்பதே இல்லை, மண்ணுக்குள் வாழ்வதால் தொலைவுக்குப் போவதும் இல்லை. இனம் பிரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கீழைச் சரிவின் தவளைக்கு, 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

வழி திறந்தால் மட்டும் போதாது என்பதையும் நம் சீமையின் கிழக்குக் கரையிலிருந்தே அறியலாம். பனியுகத்தில் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியிருந்ததால் தமிழகமும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன. ஆனாலும் இலங்கையின் மழைக்காட்டுத் தவளைகளும் நன்னீர் நண்டுகளும் பெரும்பாலும் நம்முடையவற்றிலிருந்து வேறான குலங்கள் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு ஈரக் காடுகளுக்கும் நடுவே கிடந்தது வறண்ட சமவெளி. குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேட்டில் நின்று பார்த்தவர்களுக்கு, ஈரத்தோல் கொண்ட ஒரு தவளையால் அப்படிப்பட்ட நிலத்தைக் கடக்க முடியாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, நம்ப முடியாது என்பதே என் பதில். பனியுகம் முடிந்து உலகம் ஏறத்தாழ 5 பாகை (டிகிரி செல்சியஸ்) சூடேற ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போது 150 ஆண்டுகளுக்குள்ளேயே 1 பாகைக்கு மேல் ஏறிவிட்டது. உடலிலும் பழக்கத்திலும் மாற்றம் படியத் தலைமுறைகள் வேண்டும். அதுவரை குளிர்ச்சி தேடி ஒதுங்க இடம் வேண்டும். சோலைப் பறவைகள் மேலே ஏறலாம், ஆனால் பொதிகையின் உச்சி 1,868 மீட்டரோடு முடிந்துவிடுகிறது, அங்கே போகப்போகக் காட்டின் பரப்பும் குறைகிறது. தவளையின் நிலை இன்னும் நெருக்கடியானது. அதன் தலைப்பிரட்டைகள் ஓடைப் பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு, பாசி தின்று, முழுத் தவளையாக மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். ஐப்பசி மழை பிந்தினாலோ, பெய்து சட்டென்று நின்றாலோ, கீழைச் சரிவின் ஓடைகள் அத்தனை காலம் ஓடாது. அப்படி வற்றினால் அந்த ஆண்டின் தலைப்பிரட்டைகள் பிழைக்காது.

அன்புடன்,
அண்ணாச்சி