காட்டின இடத்தில் கையெழுத்து

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறேன், வயது 26. வவுனியா பல்கலைக்கழகத்தில் வியாபார முகாமைத்துவம் முடித்து, கிளிநொச்சியில் ஒரு லீசிங் கம்பனியில் 14 மாதமாக வேலை. இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, இரண்டு பல்கலைக்கழகங்களில் செப்டெம்பருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று எம்.பி.ஏ., மற்றது சர்வதேச வணிகத்தில் எம்.எஸ்சி. இரண்டுக்கும் 16,000 பவுண். முற்பணம் 5,000 பவுணைக் கனடா மாமா கட்டுவார். பாங்க் பலன்ஸ் பிரச்சினை இல்லை. ஏஜென்சிக்காரர் வட்டிக்கு எடுத்து, அம்மாவின் வயற்காசுக் கணக்கில் ஒரு மாதம் போட்டுக் காட்டுவார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, காட்டின இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டா. காசு எடுக்கும் சிட்டையிலும் வைத்துக் கொடுத்தாச்சு. எந்தப் படிப்பை எடுத்தால் பிறகு வேலை எடுக்கலாம்?

பதில்: தம்பி, உம்முடைய கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். தரவரிசை, குளிர், எந்த ஊரில் தமிழ்க் கடை இருக்கிறது என்று நாலு பக்கம் எழுதியிருந்தீர். அதில் அம்மாவுக்கு இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியோடு நின்றுவிட்டேன்.

லீசிங் கம்பனியில் இருக்கிறீர். முச்சக்கரவண்டி எடுக்க வந்த ஒருவருக்குத் தாளில் உள்ளதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால், நாளைக்கு அவர் வந்து வாசலில் நின்று என்ன கேட்பார் என்று உமக்குத் தெரியும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற மரியாதையைப் பெற்ற தாய்க்குக் கொடுக்க ஏன் முடியவில்லை?

அவர் எதில் கையெழுத்து வைத்தார் என்று நான் சொல்கிறேன். பெற்றாரின் கணக்கைக் காட்டி விசாக் கேட்பவர் வங்கிக் கூற்றோடு தன் பிறப்புச் சான்றிதழையும் பெற்றாரின் சம்மதக் கடிதத்தையும் சேர்க்க வேண்டும். 'இவர் என் பிள்ளை, இந்தக் காசை இவருடைய படிப்புக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். யாரோ ஒருவருடைய வட்டிக் காசைத் தன் காசென்று அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார், தனக்கே தெரியாமல். ஏமாற்று என்று பிடித்தால் 10 வருடம் உமக்கு அந்த நாட்டு விசாக் கிடையாது. வேறு நாட்டுக்குப் போடும்போதும் 'முன்பு மறுக்கப்பட்டதா?' என்ற கேள்வி வரும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கட்டணத்தில் மிச்சம் 11,000 பவுண். வாழ்க்கைச் செலவுக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண், ஒன்பது மாதத்துக்கு 10,539. இது 2025 நவம்பரிலிருந்து உள்ள தொகை. இரண்டையும் கூட்டினால் 21,539. பவுண் 400 ரூபா என்று வைத்தால் 86 லட்சம். அந்தக் காசு 28 நாள் விடாமல் கணக்கில் கிடக்க வேண்டும். அந்த 28ஆம் நாளுக்கும் நீர் விண்ணப்பிக்கிற நாளுக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் 28 நாளை முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆனால் கையெழுத்து வைத்த வெற்றுச் சிட்டை ஏஜென்சிக்காரரின் கையில் இருக்கிறது! 26ஆம் நாள் அதே காசை உருவி இன்னொரு பிள்ளையின் கணக்கில் போட்டாரென்றால் அவரை என்ன செய்வீர்? நெல்லு விற்ற காசு வந்துபோன கணக்கில் திடீரென 86 லட்சம் ஏறினால், எங்கிருந்து வந்தது என்று விசா அதிகாரி கேட்காமல் விடுவாரா? வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று என்றாலே 2,58,000 ரூபா. அது யார் தலையில் என்று நீர் எழுதவில்லை.

சரி, விசாக் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். காட்டின காசு போய்விடும், 11,000 பவுண் கடன் நிற்கும். தவணை தவறினால் பல்கலைக்கழகம் உம்மை நீக்கி அந்நாட்டு உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும். பிறகு விசாவைப் பெரும்பாலும் 60 நாளாகக் குறைத்துவிடுவார்கள். வேலை செய்து கட்டுவேன் என்பீர். படிப்பு நடக்கும் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். 2026 ஏப்ரலிலிருந்து சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.71 பவுண், மாதம் ஏறக்குறைய 1,100. அவர்களே வைத்திருக்கும் சாப்பாட்டு, வாடகைக் கணக்குக்கே 70 பவுண் காணாது. கோடை விடுமுறையில் முழுநேரம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இளமாணி மாணவருக்குத்தான் அது விடுமுறை. முதுமாணி மாணவருக்கு அது ஆய்வுக் கட்டுரை எழுதுகிற காலம். பாடநெறி முடிகிற தேதி வரை 20 மணித்தியாலம் மாறாது.

நீர் அங்கே நிற்பீர், வட்டியைக் கேட்டு வருகிறவன் விசுவமடுவுக்குத்தான் வருவான். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் பெமிற் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றை விற்கவோ ஈடு வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. அதை நம்பி இருந்துவிடாதேயும். சட்டம் தெரிந்த வட்டிக்காரர் காணியை எழுதச் சொல்ல மாட்டார். பெமிற்றை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் கடன் சீட்டில் இன்னொரு கையெழுத்து வாங்குவார். அதையும் அம்மா காட்டின இடத்தில்தான் வைப்பார்.

2009இல் உமக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். இடம்பெயர்ந்த அந்த மாதங்களில் எந்தெந்தத் தாளைப் பையில் சுற்றிக் காத்துக் கொண்டுவந்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாரும். உம்முடைய பிறப்புச் சான்றிதழ் அதில் இருந்திருந்தால், இப்போது அதைத்தான் ஏஜென்சிக்காரர் பொய்க் கடிதத்தோடு பின் அடிக்கப் போகிறார். தாய்க்குத் தமிழில் தொகையைச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளை முதுமாணிப் படிப்புக்குத் தயாரில்லை என்பது என் கருத்து. கோபம் வந்தால் வரட்டும்.

நாளைக்கே சிட்டைகளைத் திருப்பி வாங்கும். தர மறுத்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் முகாமையாளரிடம் நடந்ததைச் சொல்லி, அந்தக் கணக்கை மூடிப் புதிதாகத் திறவும். பின்னேரம் ஒரு கொப்பித் தாளை எடுத்து எல்லாவற்றையும் ரூபாவில் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டும். பவுணில் சொல்ல வேண்டாம், அவருக்குப் பவுண் என்றால் தாலிக்கொடி. மருத்துவக் கட்டணத்தையும் சேர்த்து எழுதும்: வருடத்துக்கு 776 பவுண், உம்முடைய விசாக் காலத்துக்கு 1,164 அளவில் வரும்.

மாமாவின் கணக்கை விசாவுக்குக் காட்ட முடியாது. உம்முடையதோ பெற்றாருடையதோதான் செல்லும். ஆனால் அவர் உண்மையாகவே முழுக் காசையும் தருவதானால் அம்மாவின் கணக்குக்கு அனுப்பலாம், என்ன காசு என்று ஒரு கடிதமும் தரலாம். அன்பளிப்பா கடனா என்பதை அம்மா கேட்கத்தக்கதாக வீடியோ கோலில் கேளும். அவர் தயங்கினால், இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறது. கிழமைக்கு 40 மணி என்றால் 70 கிழமை. உமக்கு இன்னும் பத்துக் கிழமை அளவில்தான் குறைகிறது. வழக்கமாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபரில் மூடுவார்கள். முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். அதுதான் உமக்குப் பிடிக்காமல் போகலாம்.

நீர் கேட்டதற்கு என் பதில் எம்.எஸ்சி.தான். நாலைந்து வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்களுக்கு எம்.பி.ஏ.; 14 மாதத்துக்கு அதைத் தருகிற இடம் உம்முடைய கட்டணத்தைத்தான் பார்க்கிறது. அதிலும் பொதுவான சர்வதேச வணிகத்தை விட, லீசிங்கில் நின்ற உமக்கு நிதியோ கணக்கியலோ பொருந்தும். படிப்புக்குப் பிந்திய விசா 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள் தொழில் விசாவுக்குப் பொதுவாக 41,700 பவுண், புதிதாகச் சேருபவருக்கு 33,400 பவுண் ஆண்டுச் சம்பளம் தருகிற ஒரு வேலையைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணையும் கொப்பித் தாளின் அடியில் எழுதும்.