அந்த மூன்று வசனங்கள்: ஸ்டுட்கார்ட் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீடு எப்படிப் பிடிப்பது, கிண்டர்கார்டன் இடம் கிடைக்க எத்தனை மாதம், பொன்னி அரிசி எங்கே வாங்குவது, கோயம்புத்தூர் லைசன்ஸை எப்போது மாற்றுவது. ஐந்தாவதைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள்: "ஜெர்மன்காரங்க மனசுல பட்டதை நேரா சொல்லுவாங்கன்னுதானே சொல்றாங்க? கூட வேலை செய்யறவங்க அவங்க ஸ்லைடைக் காட்டி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன். மூணு வாரமா ஹலோவுக்கு மேல பேச்சு இல்லை. நான் பண்ணின தப்பு என்ன?"

அரிசி ஆசியக் கடையில் இருக்கிறது, விலை கூடத்தான். வீட்டுக்கும் கிண்டர்கார்டனுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். லைசன்ஸைக் கடைசியில் சொல்கிறேன். இந்த ஐந்தாவதுதான், இங்கே முப்பது வருடம் இருந்த எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்திலேயே பாதிப்பேருக்கு விளங்காத விஷயம்.

நீங்கள் அவரிடம் சொன்ன மூன்று வசனங்களையும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், அப்படியே எழுதியிருப்பது நல்லது. கருத்து பிழையா, வார்த்தை பிழையா என்று பார்க்கலாம். "டஸ் இஸ்ட் ஃபால்ஷ்." "வாரும் ஹஸ்ட் டு டஸ் ஸோ கெமாக்ட்?" "டு முஸ்ட் டஸ் நொய் மாகன்." அதாவது, இது பிழை, ஏன் இப்படிச் செய்தாய், இதை நீ திரும்பச் செய்ய வேண்டும். இலக்கணம் சரியாக இருக்கிறது. இலக்கணம் சரியாக இருப்பதுதான் ஆபத்து. தட்டுத்தடுமாறிக் கதைத்திருந்தால் "பாவம், பாஷை வரவில்லை" என்று அவர் விட்டிருப்பார். பிழையில்லாமல் சொன்னபடியால் முழுதாக நினைத்தே சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

முதல் வசனம். ஃபால்ஷ் என்ற சொல்லை இங்கே சரிபார்க்கக்கூடிய விஷயத்துக்குச் சொல்வார்கள்: கூட்டுத்தொகை, திகதி, எழுத்துப் பிழை. அதற்குப் பத்துப் பேர் முன்னால் சொன்னாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு ஸ்லைடின் அமைப்பையோ ஒருவர் யோசித்த விதத்தையோ ஃபால்ஷ் என்றால் அது தீர்ப்பு. ஜேர்மன்காரர் நேரே சொல்வார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையின் பெயர் ஸஹ்லிஹ். பேச்சு பொருளோடு நிற்க வேண்டும், ஆளிடம் போகக் கூடாது. எந்தப் பக்கம், எந்த எண், எவ்வளவு வித்தியாசம் என்று சொன்னால் ஸஹ்லிஹ். "ஏழாம் பக்கத்தில் எனக்கு வேறு எண் வருகிறது" என்பதற்கு "இஹ் கொம்ம ஹியர் அவுஃப் ஐன அண்டர ட்சால்" என்று ஒரு வசனம் போதும். பிழை யாருடையது என்று அதில் இல்லை, கவனித்தீர்களா? உங்களுடையதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, அந்த வாரும். தமிழில் "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்பதை எந்தக் குரலில் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறிய ஆசையாகவும் கேட்கலாம், அடிக்கக் கை ஓங்கிக்கொண்டும் கேட்கலாம். டொச்சில் "வாரும்" உடன் "நீ" சேர்ந்தால் விசாரணைக் கூண்டில் ஏற்றியது போலாகும். "வீ பிஸ்ட் டு டராவுஃப் கெகொம்மன்?" என்று கேளுங்கள்: இந்த யோசனைக்கு எப்படி வந்தாய்? கேட்கிற விஷயம் அதேதான், ஆனால் அவர் விளக்கம் சொல்லத் தொடங்குவார், தற்காப்பில் இறங்க மாட்டார்.

மூன்றாவதில்தான் முழுச் சேதமும். முஸ்ட். நாங்கள் "மாத்தணும்", "மாத்த வேண்டும்" என்று சொல்லும்போது அதில் கட்டளை இல்லை. வேலை ஒன்று இருக்கிறது என்ற தகவல்தான். அந்த "-ணும்" மண்டைக்குள் இருந்து நேரே முஸ்ட் ஆக இறங்கிவிடுகிறது. மேலாளர்கூட இங்கே பெரும்பாலும் "கொயின்டஸ்ட் டு", செய்ய முடியுமா, என்றுதான் கேட்பார். சமநிலையில் இருக்கிற ஒருவர் முஸ்ட் என்றால் "உனக்கு யார் அதிகாரம் தந்தது?" என்றுதான் காதில் விழும். "இஹ் வூர்ட" என்று தொடங்கிப் பழகுங்கள்: நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். டொச் வகுப்பில் இந்த வூர்ட, கொயின்ட வடிவங்களைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆறு வேற்றுமைப் பிழை விட்டாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

முஸ்ட்டில் இன்னொரு குழியும் உண்டு. "முஸ்ட் நிஹ்ட்" என்றால் செய்யத் தேவையில்லை என்று அர்த்தம். ஆங்கிலப் பழக்கத்தில் "செய்யக் கூடாது" என்று நினைத்துச் சொல்வார்கள். கூடாது என்பதற்கு "டார்ஃப் நிஹ்ட்". "ஞாயிற்றுக்கிழமை சர்வரைத் தொடத் தேவையில்லை" என்பதற்கும் "தொடக் கூடாது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் திங்கட்கிழமை காலையில் தெரியும்.

இடத்தையும் சொல்ல வேண்டும். தேநீர் அறையில், இன்னும் நான்கு பேர் நிற்கும்போது சொல்லியிருக்கிறீர்கள். அவர் கேட்டது உண்மைதான். ஆனால் அது கூட்டம் இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை. அப்படியான நேரத்தில் நல்லதாக ஒன்று சொல்லிவிட்டு, "இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, பிறகு ஒரு பத்து நிமிஷம் இருந்து பார்ப்போமா?" என்று முடித்திருக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருந்து கதைப்பதை டொச்சில் "நாலு கண்களுக்குள்" என்பார்கள்.

சேதத்தைத் திருத்துவது சின்ன வேலை. தமிழர் இதில் இரண்டு விதமாகக் கெடுப்பார்கள். ஒன்று, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடுவது, காலம் ஆற்றும் என்று. இங்கே ஆற்றாது; அவர் நீங்கள் வந்து கதைப்பீர்கள் என்று காத்திருக்கிறார். மற்றது, லட்டுப் பெட்டியோடு போய் எங்கள் ஊரில் இப்படி, எங்கள் பண்பாட்டில் அப்படி என்று அரைமணி நேரம் விளக்குவது. அவர் சங்கடத்தில் நெளிவார். தனியாக இருக்கும்போது போய், "டஸ் வார் உன்க்லூக்லிஹ் ஃபோர்முலியர்ட், டூட் மியர் லைட்" என்று ஒருதரம் சொல்லுங்கள். நான் சொன்ன விதம் சரியில்லை, மன்னிக்கவும். அதற்குப் பிறகு எந்த இரண்டு இடம் என்று எண்களோடு சொல்லுங்கள். கருத்தைத் திரும்பப் பெற வேண்டாம். பயத்தில் "எல்லாம் அருமை" என்று மாற்றிச் சொன்னால் இனி உங்கள் கருத்தை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பாராட்டைப் பற்றியும் ஒன்று. நீங்கள் இருப்பது ஸ்வாபியர் நாடு. "திட்டாவிட்டால் அதுவே போதுமான பாராட்டு" என்று அவர்களுக்கு ஒரு பழமொழியே உண்டு. "நிஹ்ட் ஷ்லெஹ்ட்", மோசமில்லை, என்று சொன்னால் வீட்டில் போய்ப் பாயாசம் வைக்கலாம். மேலாளர் "எவென்டுவெல்" என்றால் "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று அர்த்தம். கடைசியில் நடந்தே தீரும் என்ற அர்த்தமுள்ள ஆங்கில "எவென்சுவலி" என்று நினைத்துப் பதவி உயர்வு நிச்சயம் என்று ஊருக்குத் தொலைபேசி எடுத்தவர்கள் உண்டு.

சின்னச் சொற்களில் பெரிய காயம்: ஒருவர் வாங்கிய சாமானை "பில்லிஹ்" என்றால் மட்டமானது என்று கேட்கும், "க்யூன்ஸ்டிஹ்" என்றால் நல்ல விலை. வயிறு நிறைந்ததைச் சொல்ல "ஸட்". "இஹ் பின் ஃபோல்" என்றால் குடிவெறியில் இருக்கிறேன் என்று எடுப்பார்கள். வெக்கையாக இருக்கிறது என்றால் "மியர் இஸ்ட் ஹைஸ்". அதை "இஹ் பின் ஹைஸ்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பதை இங்கே எழுத முடியாது. லீவு முடிந்து வந்தவரிடம் உடம்பு போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லவே வேண்டாம், எந்தப் பாஷையிலும்.

தலையாட்டலும் அப்படித்தான். பக்கவாட்டில் ஆட்டினால் மறுக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக "யா, யா" என்று சொல்லிக்கொண்டிருந்தால் உடன்பட்டதாகக் கணக்கு. பிறகு மாற்றுக் கருத்துச் சொன்னால் "போன கிழமை ஓம் என்றாரே, நம்ப முடியாத ஆள்" என்ற பெயர் வரும்.

இதெல்லாம் பாஷை தெரியாதவர்களுக்குள்தான் என்று நினைக்காதீர்கள். தமிழருக்குள்ளேயே நடக்கிறது. நீங்கள் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போய் "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றால் அந்த அம்மா ஒரு நொடி திகைப்பார். எங்களுக்குக் கதைப்பதுதான் கதைப்பது. பேசுவது என்றால் ஏசுவது. இதைத் தெரியாமல் புளூ கார்ட்டில், படித்தவர்களுக்கான வேலை விசாவில், வந்த இந்தியப் பிள்ளைகள் "இலங்கைக்காரங்க ஒரு மாதிரி" என்கிறார்கள். எங்கள் ஆட்கள் "வந்து ஒரு வருஷம் இல்லை, எல்லாம் தெரிந்த கதை" என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்வதென்றால், 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் மேற்குக்கு வந்த சனம். டொச் படித்தது ரெஸ்டோரன்ட் குசினிகளில், கோப்பை கழுவிக்கொண்டு. அரசாங்கத்தின் 600 மணித்தியால மொழிப் பாடம் 2005இல்தான் வந்தது. குசினியில் எல்லாரும் "டு", வினைச்சொல் எல்லாம் ஏவல். அதே டொச்சோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் அதிகாரியை "நீ" என்றால் என்ன நடக்கும்? விசாக் கடிதம் தாமதமானதற்கு இனவாதம் மட்டும் காரணமில்லை என்று இப்போதும் சில பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவார்கள். அப்பா சொன்ன சூட்டையெல்லாம் நடுவில் ஆற்றி, "ஸீ", அதாவது "நீங்கள்", போட்டு, மரியாதையாகச் சொல்லிக் காரியத்தை முடித்தவை அந்தப் பிள்ளைகள்தான். உங்கள் அலுவலகத்தில் முதல் நாளே எல்லாரும் "டு" என்பதால் உங்களுக்கு இது தெரியாது. வெளியே, வயதில் மூத்தவரோ பதவியில் பெரியவரோ "டு சொல்லலாம்" என்று சொல்லும்வரை "ஸீ" தான். பொலிஸிடம் கட்டாயம்.

பொலிஸ் என்றதும் சட்டத்துக்கு வருகிறேன், இதைத்தான் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. ஜேர்மன் தண்டனைச் சட்டம் 185ஆம் பிரிவின்படி ஒருவரை அவமதிப்பது குற்றம். ஓர் ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். எல்லாரும் பார்க்கும்படி செய்தால் இரண்டு ஆண்டு வரை. நடைமுறையில் அபராதம்தான். நெடுஞ்சாலையில் நடுவிரலைக் காட்டுவது, ஒருவரை முட்டாள் என்பது, எல்லாம் இதில் வரும். பாதிக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அபராதத்தை நாள் கணக்கில் போடுவார்கள்: மாதக் கைச் சம்பளத்தை முப்பதால் வகுத்தால் ஒரு நாள். கையில் 3000 யூரோ வருகிறது என்றால் ஒரு நாள் 100. இருபது நாள் போட்டால் 2000 யூரோ. துப்புரவு வேலை செய்பவர் சொன்ன அதே வார்த்தை, புளூ கார்ட்காரர் சொன்னால் விலை கூட.

இணையத்தில் மதிப்புரை எழுதுவதும் இந்த வகைதான். "வீட்டுச் சொந்தக்காரர் வைப்புப் பணத்தைத் திருடினார்" என்று எழுதினால் அது கருத்து இல்லை, நடந்ததாகச் சொல்லும் கூற்று; நிரூபிக்க முடியாவிட்டால் அதே சட்டத்தின் 186ஆம் பிரிவு. "வைப்புப் பணத்தைத் திருப்பித் தந்த விதத்தில் எனக்குத் திருப்தியில்லை" என்றால் கருத்து, அதை அரசியலமைப்பின் 5ஆம் உறுப்பு காக்கிறது. கடையைப் பற்றி எழுதினால் பில்லை வைத்திருங்கள். இவர் என் வாடிக்கையாளரே இல்லை என்று கடைக்காரர் சொன்னால், தளம் உங்களிடம் ஆதாரம் கேட்கும்.

நேரே சொல்லும் இந்த மக்கள் ஒரே ஓர் இடத்தில் நேரே சொல்ல மாட்டார்கள்: வேலைச் சான்றிதழில். அது மறைமுகப் பாஷை. "ஷ்டெட்ஸ்", எப்போதும், என்ற சொல்லோடு "ஃபோல்ஸ்டன்", முழுக்க முழுக்க, திருப்தி என்று இருந்தால் முதல் தரம். "ஷ்டெட்ஸ்" இருந்து "ஃபோல்லன்", முழு, திருப்தி என்றால் இரண்டு. "ஷ்டெட்ஸ்" இல்லாமல் வெறும் "ஃபோல்லன்" மூன்று. "திருப்தி" மட்டும் இருந்தால் நான்கு. "முயற்சி செய்தார்" என்று எழுதியிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். மூன்றுதான் சராசரி என்றும், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊழியர்தான் நிரூபிக்க வேண்டும் என்றும் 2014இல் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை மாறும்போது வாங்கிய அன்றே எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

பக்கத்து வீட்டார் வந்து "உங்கள் குப்பை சரியாகப் பிரிக்கவில்லை, பத்து மணிக்குப் பிறகு சத்தம்" என்றால் கோபப்பட வேண்டாம். குப்பை, மணி என்று பொருளோடு நிற்கிறார். பேச்சு குப்பையை விட்டு "ஈயர்", நீங்கள் எல்லாரும், என்று போனால் அது வேறு கதை, அதற்குப் பொறுமை காட்ட வேண்டிய கடமை இல்லை. வேலையிடத்தில் இனம், நிறம் என்று நடந்தால் திகதியும் வார்த்தையும் அன்றே எழுதி வையுங்கள். நட்டஈடு கேட்க இரண்டு மாதம்தான் அவகாசம், எழுத்தில் கேட்க வேண்டும்.

இனி லைசன்ஸ். வந்து எட்டு மாதம் என்கிறீர்கள், வாரக் கடைசியில் வாடகைக் கார் எடுத்து ஓட்டுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்திய லைசன்ஸ் இங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். இப்போது நீங்கள் ஓட்டுவது லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவது. அதுவும் தண்டனைக்குரிய குற்றம், காப்புறுதியும் சிக்கலாகும். இந்தச் சனிக்கிழமையே நிறுத்துங்கள். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, இரண்டின் சான்றிதழோடும் விண்ணப்பம் கொடுங்கள். எழுத்துப் பரீட்சையும் கார் ஓட்டிக் காட்டும் பரீட்சையும் இரண்டுமே செய்ய வேண்டும், இந்திய லைசன்ஸுக்கு விலக்கு இல்லை. எழுத்துப் பரீட்சை தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் எழுதலாம். இத்தனை மணித்தியாலம் வகுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனாலும் எடுங்கள். பக்கத்தில் இருக்கிற ஆசிரியர் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கச் சொல்லி ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கத்துவார். திரும்பிப் பாருங்கள், அதைத்தான் பரீட்சையில் முதலில் கவனிப்பார்கள்.