மரபணுக்களின் இடைவெளியில் ஒழுங்கு இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே புரதம் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் பாக்டீரியா குரோமோசோமில் சீரான இடைவெளியில் அமைந்திருக்கின்றனவா, அதைக் கண்டுபிடிக்க ஃபூரியே உருமாற்றம் (திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை உச்சமாகக் காட்டும் கணித முறை) போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி சுமார் 46.4 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளம். அதில் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்துக்குப் பல சமயம் பத்து, இருபது இலக்கு மரபணுக்கள்தான் தேறும். இவ்வளவு குறைந்த புள்ளிகளை வைத்துக்கொண்டு ஃபூரியே போட்டால் தற்செயலாகவே ஏதோ ஓர் உச்சம் வந்து நிற்கும்.

குரோமோசோமை உருளையில் கயிறு சுற்றுவதுபோல் சுற்றிப் பாருங்கள். சுற்றின் நீளம் 1,00,000 கார இணைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு, மரபணுக்கள் 2,12,400, 9,08,700, 15,13,900 ஆகிய இடங்களில் இருந்தால், 1,00,000ஆல் வகுத்த மீதி 12,400, 8,700, 13,900. மூன்றும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் கூடிவிட்டன. இந்த நெருக்கத்தை அளக்க வட்டத்தின் சராசரித் திசையை நம்பாதீர்கள்: எதிரெதிரே இரண்டு கூட்டங்கள் இருந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளப்பது மேல்.

உண்மையான சிக்கல் ஓபரான்கள், அதாவது அடுத்தடுத்து இருந்து ஒன்றாகவே இயங்கும் மரபணுக் கூட்டங்கள். லாக் ஓபரானில் மூன்று மரபணுக்கள் ஒட்டியே கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் எந்தச் சுற்றில் போட்டாலும் சேர்ந்தே விழும். பொய்யான நெருக்கம் வந்துவிடும். முதலில் ஓபரானுக்கு ஒரு புள்ளி என்று சுருக்குங்கள். அப்புறம் ஒப்பிடுவதற்கு, அதே மரபணுத்தொகுதியின் உண்மையான ஓபரான்களிலிருந்து அதே எண்ணிக்கையைக் குலுக்கி எடுங்கள். நீங்கள் நூற்றுக்கணக்கான சுற்று நீளங்களை முயன்று சிறந்ததை எடுத்தால், ஒவ்வொரு குலுக்கலிலும் அப்படியே சிறந்ததை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும். இதைத் தவறவிட்ட முடிவுகளை நான் நம்புவதில்லை.

ஆய்வாளர் ஃபிரான்சுவா கெபேஸ் 2000களின் முதல் பாதியிலேயே இந்த ஒழுங்கைப் பற்றி எழுதினார். 2007இல் வேறொரு குழு, பரிணாமத்தில் பிரியாமல் சேர்ந்தே வரும் மரபணு இணைகளை வைத்து ஈ.கோலையில் சுமார் 1,17,000 கார இணைகள் என்ற இடைவெளியைக் காட்டியது. டிஎன்ஏ சுருளாக மடிந்தால் தூரத்து மரபணுக்கள் அருகருகே வரும் என்பதால்தான் இந்தக் கேள்வி முக்கியமாகிறது.

இன்னொன்று, குரோமோசோம் வட்டமானது. மொத்த நீளம் 1,00,000ஆல் கச்சிதமாக வகுபடாததால் வெட்டிய இடத்தில் சுற்று ஒட்டாது. மொத்த நீளத்தை 46ஆல் வகுத்து சுமார் 1,00,900 என்று எடுத்தால் சரியாக மூடும்.