கம்பியில்லா சார்ஜர் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பச்சி தனியாக இருக்கிறார். வயது 74. கை நடுக்கத்தால் சார்ஜர் பின்னைச் சரியாகச் செருக முடியாமல், ஓராண்டில் இரண்டு முறை போனின் சார்ஜிங் துளை பழுதாகிவிட்டது. அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வரும் என் தம்பி, வயர்லெஸ் சார்ஜர் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். சரி என்று சொல்லலாமா?
– காரைக்குடி வாசகி

பதில்: தம்பிக்குப் பதில் சொல்வதற்கு முன் அப்பச்சியின் போன் எந்த மாடல் என்று பாருங்கள். கம்பியில்லாமல் மின்சாரம் ஏற வேண்டுமானால், போனின் முதுகுப்புறத்துக்குள் அதற்கான செம்புச் சுருள் தயாரிக்கும்போதே பதிக்கப்பட்டிருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் 15,000 ரூபாய்க்குள் விற்கும் போன்களில் பெரும்பாலானவற்றில் அந்தச் சுருள் இருப்பதில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்குரிய விவரப் பட்டியலில் 'வயர்லெஸ் சார்ஜிங்' என்ற சொல் இல்லையென்றால், எவ்வளவு விலை உயர்ந்த சார்ஜர் வந்தாலும் அது மேசைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

போனில் அந்த வசதி இருந்தால், உங்கள் அப்பச்சியைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்பேன். இளைஞர்களுக்கு இது பகட்டாக இருக்கலாம். துளையைத் தேடிப் பின்னைச் செருகத் தடுமாறும் விரல்களுக்கோ இது உண்மையான உதவி. ஆனால் தட்டையான பலகை வடிவச் சார்ஜர் வேண்டாம். அதன் மேல் போனை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தாலே சுருளும் சுருளும் நேருக்கு நேர் வராமல் போய்விடும். இரவில் ஓர் அழைப்பு வந்து போன் அதிர்ந்து நகர்ந்தால், காலையில் பேட்டரி வைத்தபடியே இருக்கும். போனைச் சாய்த்து நிறுத்தும் ஸ்டாண்டு வகையில் கீழே ஒரு விளிம்பு இருப்பதால், போன் தானாகவே சரியான உயரத்தில் நிற்கும். போனும் சார்ஜரும் 'ச்சீ-2' (Qi2) என்ற கம்பியில்லா சார்ஜிங் தரத்தைச் சேர்ந்தவையானால், காந்தமே போனை இழுத்துச் சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். 2023-இல் வந்த தரம் அது. (ச்சீ என்று உச்சரித்தாலும் யாரையும் வைவதற்கான சொல் அன்று, உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லை இத்தரத்தை வகுத்தவர்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.)

தம்பியிடம் ஸ்டாண்டை மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். சிங்கப்பூர் அடாப்டரில் இருப்பவை சதுரக் கால்கள். நம் பிளக் பாயிண்டில் அவை நுழையா, அப்பச்சி அதற்கென்று ஒரு மாற்றியைச் செருகித் திண்டாட நேரும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை உள்ள அடாப்டரை இங்கேயே வாங்கிவிடலாம். ஸ்டாண்டை வைக்கும் இடத்தையும் யோசித்துவிடுங்கள். பழைய வீடுகளில் வளவைச் சுற்றி எத்தனை தூண்கள் இருந்தாலும் பிளக் பாயிண்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில் அது நிரந்தரமாக இருக்கட்டும். கம்பி செருகிய போனைக் காதில் வைத்துப் பேசலாம், ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் பேசினால் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

போனில் வசதி இல்லையென்றால், துளையில் செருகி முதுகில் ஒட்டும் மெல்லிய ரிசீவர் தகடுகள் கிடைக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவாக ஏறும், சூடாகும், இருக்கும் ஒரே துளையையும் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: வயர்லெஸ் சார்ஜிங் பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும் என்று கடைக்காரர் ஒருவரும், ஒன்றும் ஆகாது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எது உண்மை?
– தேவகோட்டை வாசகர்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. கம்பியில்லாமல் ஏறுவதனால் பேட்டரிக்குத் தனியாக எந்தக் கேடும் இல்லை. கேடு செய்வது அப்போது உண்டாகும் சூடு. சார்ஜர் பலகைக்குள் இருக்கும் சுருளில் விநாடிக்கு லட்சம் முறைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் போனுக்குள் இருக்கும் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான் இது. இந்தக் கைமாற்றத்தில் வீணாகும் ஆற்றல், போனின் முதுகிலும் பலகையிலும் வெப்பமாக வெளிப்படுகிறது. பேட்டரியும் அதே முதுகை ஒட்டித்தான் இருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது, முழுதும் நிறைந்த நிலையில் வெப்பத்தில் கிடப்பது இன்னும் ஆகாது. (பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில்தான் இயங்குகிறது, நாமோ போனை வெயில் விழும் ஜன்னல் திட்டில் வைத்து சார்ஜ் போடுகிறோம்.)

ஐபோனைச் சூழல் வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. நம் பகுதியில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு நிற்கும்போது, மாடியில் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். அந்த அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு வயர்லெஸ் சார்ஜரில் வைத்த போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில நேரம் 80 விழுக்காட்டில் நிறுத்தியும்விடும். அது சார்ஜரின் பழுது அன்று. கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும் உள்ள கீழ்த்தளத்தில், அதிகாலையிலோ இரவிலோ வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். தடித்த கவரைக் கழற்றிவிட்டு வையுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி போனில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

கவரைப் பற்றி இன்னொரு செய்தி. காரில் போனை ஒட்டிவைப்பதற்காக என் கவருக்குள் ஓர் இரும்புத் தகட்டை வைத்திருந்தேன். அதை மறந்து ஒரு நாள் சார்ஜரில் வைத்தேன். கால் மணி நேரத்தில் சார்ஜ் ஒரு புள்ளிகூட ஏறவில்லை, தகடு மட்டும் தொட முடியாத அளவு சுட்டது. நாணயம், சாவி போன்றவை இடையில் இருந்தால் உணர்ந்து நிறுத்தும் ஏற்பாடு தரமான சார்ஜர்களில் உண்டு என்றாலும், அதை நம்பிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஏடிஎம் அட்டையைக் கவருக்குள் செருகி வைத்திருப்பவர்கள் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மின்கட்டணம் கூடுமா?
– பள்ளத்தூர் வாசகி

பதில்: கூடும், ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. 5000 எம்ஏஎச் பேட்டரியில் நிற்பது ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல். அதை நிரப்பக் கம்பி வழியே சுவரிலிருந்து 24 வாட்-மணியும், கம்பியில்லாமல் 32 வாட்-மணியும் எடுப்பதாகக் கொண்டால், நாள்தோறும் ஒரு முறை முழுதாக ஏற்றினாலும் ஓராண்டில் கூடுதலாகும் மின்சாரம் மூன்று யூனிட்தான். 75 வாட் மின்விசிறி இரண்டு நாள் இடைவிடாது ஓடினால் இதைவிட அதிகம் செலவாகும். மின்தடையின்போது பவர் பேங்கிலிருந்து கம்பியில்லாமல் ஏற்றினால்தான் இந்த வீணடிப்பு உறைக்கும். அப்போது கம்பியையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஆத்தாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறோம். வீட்டில் காந்த வயர்லெஸ் சார்ஜர் இருக்கலாமா?
– கண்டனூர் வாசகர்

பதில்: இருக்கலாம், அவருடைய தலையணையருகே மட்டும் வேண்டாம். மருத்துவக் கருவி பொருத்தியவர்கள் ஐபோனையும் அதன் காந்தச் சார்ஜரையும் கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு மேலும், கம்பியில்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ.க்கு மேலும் தள்ளி வைக்க வேண்டும் என்று ஆப்பிளே அறிவுறுத்துகிறது. போனைச் சட்டைப் பையிலோ ரவிக்கையிலோ வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அவருடைய கருவிக்குரிய இடைவெளி எவ்வளவு என்பதை இதய மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: '15 வாட்' என்று பெட்டியில் அச்சிட்ட வயர்லெஸ் சார்ஜரைக் கடையில் வாங்கினேன். பழைய கம்பி சார்ஜரைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?
– புதுவயல் வாசகர்

பதில்: முதலில் சார்ஜரை அதன் பங்குக்குச் சோதித்துவிடுங்கள். பெரும்பாலான சார்ஜர் பலகைகளுடன் அடாப்டர் வருவதில்லை. வீட்டில் கிடக்கும் பழைய 5 அல்லது 10 வாட் அடாப்டரில் இணைத்தால் 15 வாட் எப்படி வரும்? 20 வாட்டுக்குக் குறையாத 'பி.டி.' (PD, பவர் டெலிவரி) வகை அடாப்டர் ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்து, உங்கள் போன் ஏற்கும் உச்ச அளவைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, ஐபோன் 8 முதல் 11 வரையிலானவை கம்பியில்லாமல் 7.5 வாட்டுக்கு மேல் வாங்கா. இந்த இரண்டில் ஒன்று காரணமென்றால் பொருளில் குறையில்லை. எல்லாம் சரியாக அமைந்தாலும், இன்றைய 33, 67 வாட் கம்பிச் சார்ஜர்களோடு இது போட்டியிடாது.

இரண்டையும் சரிபார்த்த பிறகும் ஏறவில்லையென்றால், அந்த அச்சடித்த வரிக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை ஆகும். கடைக்காரரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் ஒரு பதிவாக இருக்கும். அவர் அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதுவும் பயன்படாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், அதாவது சிவகங்கையில், இரண்டாண்டுக்குள் மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றும். பெரும்பாலும் 1915-இல் பதிவான புகார் எண்ணைக் காட்டினாலே பேச்சின் தொனி மாறிவிடும். அதுவரை பில்லையும், '15 வாட்' என்று அச்சிட்ட அந்தப் பெட்டியையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.